சீர்த்தட்டுப் பழமும் சர்க்கரையில்லாத கலரும்

பழத்தின் மேல் எதுவும் அச்சடித்திருக்காது. எனக்குப் பழத்தின் மேல் பயம் வந்ததற்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கேட்டிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன்.

மகளுக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்தபோது சர்க்கரை நோய் என்று சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பெரியவர்களுக்கு வருவதைப் போன்றது இல்லையாம். அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிட்டது, இனி வேளாவேளைக்கு ஊசிதான் என்றார்கள். என் கணவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவர். கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வந்த வாரத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் எங்கள் தெரு முனையைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. "சக்கர ஆலைக்காரன் வூட்ல சக்கர வியாதி பூந்துக்கிச்சா?" என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். அனுதாபமாகத்தான் கேட்டார். ஆனால் அன்று முழுக்க அந்தக் கேள்வி வீட்டுக்குள் இருந்தது.

சேலத்தில் எந்த உணவு, எவ்வளவு என்று சொல்லிக்கொடுக்க ஒரு பெண் இருந்தார். பொறுமையானவர். முழுப் பழமாக, அளவாகக் கொடுக்கலாம் என்றார். கொய்யா நல்லது, நார்ச்சத்து இருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும், வைட்டமினும் உண்டு, சாறாகப் பிழிந்து மட்டும் தினமும் கொடுக்காதீர்கள் என்றார். நான் சர்க்கரையில்லாமலே இனிக்கிற டயட் கலரை, அந்தப் பாட்டில் குளிர்பானத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அதுல ஒண்ணுமே இல்லம்மா. சர்க்கரையும் இல்ல, சத்தும் இல்ல. பெரியவங்க ஆசைக்கு எப்பவாவது குடிக்கலாம். பழம் குடுக்கிற எடத்துல அதக் குடுக்காதீங்க."

கிளம்பும்போது வாசல் வரை வந்து இன்னொன்றும் சொன்னார். "சர்க்கரை ஏறினா நமக்கு நேரம் இருக்கு. ஊசி போட்டுட்டு சரியா சாப்பிடலைன்னா இறங்கிடும், இறங்கினா நேரம் இல்ல. பையில எப்பவும் குளுக்கோஸ் இருக்கட்டும்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஊருக்கு வந்த பிறகு, ஏறும் என்ற பயம்தான் வீட்டில் பெரிதாக வளர்ந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். பழத்தைக் கண்ணில் காட்டாதே, மாம்பழம் விஷம், வாழைப்பழம் தின்றால் கண் போய்விடும். இறங்குவதைப் பற்றி யாருமே சொல்லவில்லை. பார்க்காத ஒன்றை எப்படிச் சொல்வார்கள்?

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடையிலிருந்து கணவர் ஒருநாள் அந்தப் பாட்டிலை வாங்கி வந்தார். மற்றப் பிள்ளைகள் கலர் குடிக்கும்போது இவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. நான் வேதியியல் படித்தவள். பாட்டிலைத் திருப்பி அச்சடித்திருந்ததை வாசித்தேன். சர்க்கரை பூஜ்ஜியம், கொழுப்பு பூஜ்ஜியம், புரதம் பூஜ்ஜியம். கொல்லை மரத்திலிருந்து ஒரு கொய்யாவைப் பறித்து வந்து அதன் பக்கத்தில் வைத்தேன். இதில் எவ்வளவு சர்க்கரை? காயாக இருந்தால் ஒரு அளவு, பழுத்தால் வேறு அளவு, கிளிப்பிள்ளை கொத்தியதென்றால் இன்னும் ஜாஸ்தி. எடை போட்டுப் பார்த்தேன், புத்தகத்தில் தேடினேன். கிடைத்ததெல்லாம் சுமாரான கணக்கு. அந்தச் 'சுமாராக' என்ற சொல்லை நம்பி ஒரு குழந்தைக்கு ஊசி போட என்னால் முடியவில்லை. பாட்டிலில் இருந்த பூஜ்ஜியங்களில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கீழே பொடி எழுத்தில், குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதையும் வாசித்தேன். பண்டிகைக்கு மட்டும், அரை டம்ளர் மட்டும் என்று எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

விதி சீக்கிரமே தளர்ந்தது. அரை டம்ளர் வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு கடைக்குப் போகும்போதெல்லாம் ஒன்றாகியது. அவள் அதை 'என் கலரு' என்றாள். கொய்யாப் பழங்கள் கொல்லையில் விழுந்து அணிலுக்குப் போயின. அந்த வாசம் வரும் மாலை வேளைகளில் நான் பின்கதவைச் சாத்திவிடுவேன்.

தை மாதத்தில் என் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. நாத்தனாருக்குக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் வீடு. அவர் கணவருக்கு அங்கே மளிகைக் கடை. தாய்மாமன் சீரை என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து எடுத்துப் போக வேண்டும். திங்கட்கிழமை, ராகுகாலம் ஏழரைக்கு. அதற்குள் சீர் படி தாண்டியாக வேண்டும்.

நான் வழக்கம்போல் அவளுக்கு ஊசியைப் போட்டுவிட்டு, இட்லிக்குக் காத்திருந்தேன். இட்லி வந்தபோது வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். மூன்று தின்கிறவள் ஒன்றரை தின்றிருந்தாள். "வண்டில குடுத்துக்கலாம், தூக்கு" என்றார் என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. அவரை நான் அக்கா என்பேன். அந்த வீட்டில் மூத்த மருமகள் அவர். சீருக்குத் தட்டு அடுக்கியதெல்லாம் அவர் கைதான்.

இனிப்பும் கற்கண்டும் மஞ்சள் குங்குமமும் புடவையும் முன்னால் போன காரில், அண்ணனோடு போய்விட்டன. பழத்தட்டுகள் வளைவில் உருளும் என்று அவற்றைப் பிடித்துக்கொள்ள அக்காவும் நானும் மகளும் பின்னால் வேனில் ஏறினோம். ஆப்பிள், ஆரஞ்சு, மாதுளை, திராட்சை, வாழைப்பழம் எல்லாம் மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, ஒற்றைப்படையாக அடுக்கியிருந்தன. கணவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கச்சிராயபாளையம் சாலைக்குத் திரும்பும்போதுதான் குளுக்கோஸ் டப்பா சமையல்கட்டு மேடையிலேயே இருப்பது எனக்கு நினைவு வந்தது. இட்லி டப்பாவும் அதன் பக்கத்தில்.

"ஏங்க, வண்டிய ஒரு நிமிஷம் திருப்பச் சொல்லுங்க."

"இன்னா பேசற நீ? படி தாண்டின சீரு திரும்பி வூட்டுக்கு வர்றதா?" என்றார் அக்கா.

கணவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "போற எடம் மளிகக் கடம்மா. சக்கர ஆலைக்காரன் பொண்ணுக்கு சக்கரைக்கா பஞ்சம்?"

டிரைவரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வழியில் ஏதாவது கடையில் நிறுத்தி பிஸ்கட்டாவது வாங்கச் சொல்லலாம் என்று இரண்டு முறை வாய் வரை வந்தது. ஒவ்வொரு கடையையும் கடந்த பிறகுதான் வந்தது. கரும்பு டிராக்டர்கள் எதிரே வரிசையாக வந்தன. ஒன்றை ஒதுங்கவிட நின்றால் அதன் பின்னால் இன்னொன்று நின்றது. கோமுகி அணையைத் தாண்டும்போது தண்ணீரே தெரியவில்லை. பனி மூடிக் கிடந்தது.

அக்கா நல்ல உற்சாகத்தில் இருந்தார். மகளின் பட்டுப் பாவாடையை இழுத்து, "இன்னாடி, உனக்கும் ஒருநாளு இதே மாரி சீரு வரும். உங்கம்மா கூடப் பொறந்தவனுங்க இன்னாத்தக் கொண்டாராங்கன்னு நானும் பாக்கத்தானே போறேன். வாழக்காயும் வெத்தலையும் மட்டும் எட்தாந்தா வாசல்லயே நிக்க வெச்சுடுவேன்" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேல போயி இந்த ஊசி கதய எவகிட்டயும் அவுத்து வுடாத. பொட்டப் புள்ள. நாளைக்கு எவன் கட்டுவான்?"

நான் தலையாட்டினேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்படி நினைத்திருந்தால் தலையாட்டியிருக்க மாட்டேன்.

மலை ஏறத் தொடங்கியதும் மகள் பேச்சை நிறுத்தினாள். என் தோளில் சாய்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. பனியில் நாங்கள் எல்லாரும் முந்தானையைப் போர்த்திக்கொண்டிருக்க, அவள் மேலுதட்டில் மட்டும் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"மலை ஏர்சொல்ல எல்லாப் புள்ளைக்கும் தல சுத்தும்" என்றார் அக்கா. பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து அவள் மூக்கில் வைத்தார். "அவ கலரு கீதே, அத ரெண்டு முழுங்கு குடு. ஏப்பம் வந்தா செரியாப் பூடும்."

பாட்டில் என் காலடியில்தான் இருந்தது. மேலே விருந்தினருக்குக் கலர் கொடுக்கும்போது இவள் அழக்கூடாதென்று கணவர் வாங்கி வைத்தது. திறந்து கொடுத்தேன். ஆசையாகக் குடித்தாள். அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இனிப்பாக ஏதோ உள்ளே போகிறது என்று உடம்புக்குள் ஓர் அசட்டு எண்ணம். பாட்டிலைப் பலமுறை வாசித்த நானே அந்த இனிப்பில் ஏமாந்துதான் போனேன்.

அடுத்த வளைவில் அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று, நடுக்கமாக இருந்தது. பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்தேன்.

"இன்னா அது? ரத்தம் எடுக்கப் போறியா? சீரு வண்டில?" அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நல்ல காரியத்துக்குப் போசொல்ல ரத்தம் காட்டுவாங்களா? எறங்கினதும் பாத்துக்கோ."

"வாந்திதான் வரும்போல" என்றார் கணவர் முன்னாலிருந்து. "இந்த வளைவெல்லாம் முடியட்டுமே."

நான் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வளைவு போனது. இன்னொன்று போனது. பனிக்குள் எதிரே வரும் வண்டியின் விளக்குகூடக் கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. பாட்டிலில் பாதி காலியாகியிருந்தது.

அப்போது மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள். "ம்மா, மரமெல்லாம் ஒக்காந்துக்கினு கீது."

நான் அவள் விரலைப் பிடித்துக் குத்தினேன். இந்த முறை அக்கா தடுக்கவில்லை. மீட்டரில் வந்த எண், இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் அவள் கண்கள் என்னைத் தாண்டி வேறு எதையோ பார்த்தன.

"வண்டிய நிறுத்துங்க!"

டிரைவர் தடுப்புச் சுவரோரமாக ஒதுக்கி நிறுத்தினார். கணவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி சாலையில் முன்னும் பின்னும் ஓடினார். சிக்னல் இல்லை. கீழே இறங்கினாலும் மேலே ஏறினாலும் ஒரே தூரம்தான். ஒரு கையில் நான் இன்னும் அந்தப் பாட்டிலைப் பிடித்திருந்தேன். அதில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு வரியாக அச்சடித்திருந்தது. என் முழங்காலைச் சுற்றி முழுக்க, ஒரு குடும்பத்துக்கே ஒரு மாதம் போதுமான அளவு பழம் இருந்தது. இத்தனை மாதமாக அவள் பக்கம் நான் அண்டவிடாத அந்தச் சர்க்கரை மொத்தமும் மஞ்சள் தாளுக்குள் மினுமினுத்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த தட்டின் தாளைக் கிழித்தேன்.

"ஏய்!" என்றார் அக்கா. கத்திய வாய் மூடும் முன்பே அவர் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டார். என் கையிலிருந்த ஆரஞ்சைப் பிடுங்கி, பல்லால் தோலைக் கிழித்து, மடியிலேயே, கலருக்கு வைத்திருந்த டம்ளரில் பிழிந்தார். கொட்டையை விரலால் எடுத்துப் போட்டார். "நிமுத்திப் புடி. தல சாஞ்சா பொற ஏறிடும். முழுங்குடி கண்ணு, என் அம்மால்ல, கொஞ்சம் முழுங்குடி."

கன்னத்தின் உள்பக்கமாகச் சிறிது சிறிதாக விட்டோம். தொண்டை அசைகிறதா என்று பார்த்து, அசைந்த பிறகு அடுத்தது. பாதி வழிந்து பட்டுப் பாவாடையில் இறங்கியது. டிரைவர் எஞ்சினை அணைத்திருந்தார். அந்தச் சத்தம் நின்றதும் மலை முழுக்க ஒன்றுமே கேட்கவில்லை. சுவர்மேல் குரங்குகள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. பழத்துக்காக வந்தவைதான். ஆனால் ஒன்றுகூடப் பாயவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அக்கா இரண்டாவது ஆரஞ்சையும் பிழிந்துகொண்டிருந்தபோது மகள் டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டாள். கை நடுக்கத்தில் பல்லில் டம்ளர் டக்டக்கென்று மோதியது. பிறகு அது நின்றது. என்னைப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

"புளிக்குது" என்றாள். "இன்னொண்ணு வேணும்."

"இன்னொரு தட்டப் பிரி" என்றார் அக்கா என்னிடம். "திராட்சய எடு. வாழப்பழத்த எடு. இன்னாத்த பாத்துக்கினு கீற?" அவர் கை முழுக்கச் சாறு. முகத்தைத் துடைக்கப் புறங்கையைத்தான் பயன்படுத்தினார்.

மறுபடி குத்திப் பார்த்தேன். எண் ஏறியிருந்தது. சர்க்கரை ஏறியதற்காக நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் முறை.

வண்டி கிளம்பியதும் அக்கா தாள் கிழிந்த தட்டுகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்துவிட்டால் இரட்டைப்படை. மற்றத் தட்டுகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவி, தோலும் கறையும் தெரியாமல் திராட்சைக் கொத்தைப் பரப்பி மூடினார்.

"கேட்டா கொரங்கு புடுங்கிச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார் கணவர். வெளுத்துப்போயிருந்தார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

வெள்ளிமலையில் மேளம் தயாராக நின்றது. தட்டுகளை வரிசையாக இறக்கியபோது ஒரு கிழிந்த தாளைப் பார்த்து யாரோ கேட்க, குரங்கு என்று கணவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். "சீர மொதல்ல ஆஞ்சநேயரே பாத்துட்டாரு!" என்றார் ஒருவர். மகளுக்கு இன்னா, சோர்ந்து கீது என்று கேட்டவர்களிடம் வண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். நான் சமையல்கட்டுக்குப் போய்க் கொஞ்சம் சர்க்கரையைத் தாளில் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அவளை விட்டு ஒரு கை தூரம்கூட நகரவில்லை.

ஆனால் அவள் நகர்ந்தாள். குழந்தைகள் அவளை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினார்கள். அத்தனை தலைகளுக்கு நடுவில் அவள் தலை எது என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. இங்கே ஓர் ஓரமாக அவள் சாய்ந்துவிட்டால் தூங்குகிறாள் என்று போர்வை போர்த்திவிடுவார்கள். எழுப்பக்கூட மாட்டார்கள். சந்தனக் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்த நாத்தனாரை நிறுத்திச் சொன்னேன்.

"அண்ணி, கொரங்கு இல்ல. பாப்பாக்கு..."

அக்கா பின்னால் நின்றிருந்தார். என் முதுகில் அவர் பார்வையை உணர்ந்தேன். இனி இந்தக் குடும்பத்தில் எனக்கு இடமில்லை என்று நினைத்த நேரத்தில் அவரே முன்னால் வந்தார்.

"ஆமா. கொரங்கு இல்ல, நம்ம பாப்பாதான் தின்னுச்சு. அதுக்குச் சக்கர வியாதி. தெனம் ஊசி. வழில கண்ணு சொருவிக்கிச்சு. நான்தான் பிழிஞ்சு ஊத்தினேன். எல்லாரும் கேட்டுக்குங்க, அது எங்கனா சோர்ந்து ஒக்காந்தா உடனே எங்களக் கூப்டணும்."

நாத்தனார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எம்பொண்ணு சீர எம்மருமவ மொதல்ல தின்னா இன்னா இப்ப?" என்றார். அவருக்கு ஒரு மகன் இருக்கிறான். மருமகள் என்று கூடப் பிறந்தவன் மகளை அழைப்பது அந்த வீட்டு வழக்கம்தான். ஆனால் சொன்ன பிறகு, அவர் பார்வை கூடத்தில் இருந்த தன் மகன்மேல் போய்விட்டுத் திரும்பியது. ஒரு கணம்தான். நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். அதற்குப் பிறகு இன்றுவரை மருமகள் என்ற அந்தச் சொல்லை நாத்தனார் என் மகளைப் பார்த்துச் சொல்லவில்லை. மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. கூடத்தின் ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் காதில் ஒருவர் குனிந்தார்கள்.

இப்போது வீட்டில் பழம் உண்டு. இட்லியை எண்ணுவது போலக் கொய்யாத் துண்டையும் எண்ணி, அதற்கேற்ப ஊசி போடப் பழகிவிட்டேன். பள்ளிக்கூடத்து டீச்சரிடம் ஒரு டப்பா குளுக்கோஸ் கொடுத்து வைத்திருக்கிறேன். பாட்டில் வாங்குவதில்லை. அதில் கெடுதல் எவ்வளவு என்று இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியாது. அவள் தேவைக்கு உதவக்கூடிய எதுவும் அதில் இல்லை என்பது மட்டும் தெரியும்.

மகள் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டாள். பழக்கூடையைப் பார்த்தபடி, "ம்மா, கை நடுங்குது" என்பாள். கை கல்லைப் போல இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் நான் குத்திப் பார்த்தாக வேண்டும். பொய் சொல்லாதே என்று அதட்டவும் பயம். அதட்டினால் உண்மையாக நடுங்கும் நாளில் சொல்லாமல் இருந்துவிடுவாளோ?

போன வாரம், மதியம். மின்சாரம் இல்லை. பள்ளியிலிருந்து வந்தவள் கூடத்துத் தரையில் அப்படியே படுத்துத் தூங்கிவிட்டாள். பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். நனைந்திருந்தது. சித்திரை வெயில், எனக்கும்தான் வேர்த்தது. இது எந்த வேர்வை? பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை. மீட்டரை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கண்ணைத் திறக்காமலே அவள் கையை நீட்டினாள். மற்ற விரல்களை மடக்கி, குத்துவதற்கு வாகாக ஒரு விரலை மட்டும் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். ஏழு வயதுக்குள் தூக்கத்தில்கூட அது பழகிப்போயிருந்தது.

"எவ்ளோம்மா?"

"நூத்திப் பத்து. நல்லா இருக்கு. நீ தூங்கு."

விரலில் ரத்தம் இன்னும் நிற்கவில்லை. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மூச்சு ஒரே சீராக வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.